ஆறு முறை செய்ய வேண்டிய நடுப்புள்ளி

1

ஜெர்மனிக்கு வந்து பத்து வருடம் முடிந்த வாரத்தில் எனக்கு இரண்டு தாள்கள் கிடைத்தன. ஒன்று, கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுத் தந்த வாழ்த்து அட்டை. மற்றது, அயல்நாட்டவர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். நிரந்தரமாகத் தங்குவதற்கு நான் கொடுத்த விண்ணப்பத்தில் ஒரு சிக்கலாம். என் முனைவர் பட்டச் சான்றிதழில் ‘ஆ. கண்ணன்’ என்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் ‘கண்ணன் ஆறுமுகம்’ என்று இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்பதற்கு ஆதாரம் வேண்டும், அசல் சான்றிதழோடு நேரில் வர வேண்டும்.

இனிஷியல் என்றால் என்னவென்று இந்த ஊரில் பத்து வருடமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன். ஆறுமுகம் என் அப்பா. பூதப்பாண்டியில் வயலும் வரப்புமாக இருந்து, திருநெல்வேலியைத் தாண்டாமலே போய்ச் சேர்ந்த மனிதர். அவரை இங்கே வங்கியிலும் பல் டாக்டரிடமும் யாராவது கூப்பிடுகிறார்கள், நான் எழுந்து போகிறேன். இதைப் போனில் சொல்லலாம் என்று அலுவலகத்தை அழைத்தால் வலைத்தளத்தைப் பார்க்கச் சொல்கிறது. வலைத்தளம் போன் செய்யச் சொல்கிறது. ஊரில் தாலுகா ஆபீசில் ஒரு ஆளையாவது கண்ணால் பார்க்கலாம், நாலு வார்த்தை சத்தம் போட்டுவிட்டு வரலாம். இங்கே கோபப்படுவதற்கும் முன்பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அந்தச் சான்றிதழைத் தேடித்தான் கட்டடத்தின் நிலவறையில் கிடந்த பழைய பெட்டியைத் திறந்தேன். சான்றிதழ் கிடைத்தது. அதன் அடியில் என் ஆய்வுக்கூட நோட்டும் கிடந்தது. திறக்காமலே தெரியும், எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று. மறந்துபோனேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். இத்தனை வருடமும் அதை நினைக்காமல் இருந்துவந்தேன், அவ்வளவுதான்.

நினைக்காமல் இருக்க முடியாதபடி ஆறு மாதமாக ஒரு பெண் எனக்கு மெயில் எழுதிக்கொண்டிருந்தாள்.

2

அவள் பெயர் ஜெசிந்தா. வட்டக்கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளிக் கடற்கரையில் வீடு. நாகர்கோவிலில் நான் ஆய்வு செய்த அதே கூடத்தில், அதே பேராசிரியரிடம் ஆய்வு செய்கிறாள். என் வேலையின் தொடர்ச்சிதான் அவள் வேலை.

என் வேலை இதுதான். மரச்சீனிக் கிழங்கை, அதாவது மரவள்ளியைச் சீவிச் சிப்ஸ் போடும் கடைகள் நம் பக்கத்தில் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். அவற்றின் பின்புறம் தோல் மலைபோலக் கிடந்து அழுகும். அந்த மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தேன். தோலில் மிச்சமிருக்கும் மாவை உடைத்துச் சர்க்கரையாக்குவதற்காக அது அமைலேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. ரொட்டி செய்கிறவர்களுக்கும் துணி ஆலைக்காரர்களுக்கும் அந்த நொதி வேண்டும். எவ்வளவு தோல் போட்டு, எவ்வளவு புளிப்பில், எவ்வளவு சூட்டில் வைத்தால் அது அதிகமாகச் சுரக்கும் என்று கணக்கிட்டுச் சொல்வதுதான் என் ஆய்வு. கட்டுரையாகவும் வந்தது. அதை வைத்துத்தான் இந்த நாட்டுக்கு வந்தேன். இன்றைக்கு ரொட்டி மாவில் கலக்கும் நொதி செய்யும் கம்பெனியில் இருக்கிறேன் என்றால் அதற்கும் அந்தக் கட்டுரைதான் காரணம்.

ஜெசிந்தா என் அளவுகளை அப்படியே எடுத்துக்கொண்டு, குடுவையிலிருந்து பெரிய கலத்துக்குப் போக வேண்டியவள். குடுவையிலேயே இரண்டு வருடமாக நிற்கிறாள். என் கட்டுரையில் நொதி நானூற்றுப் பன்னிரண்டு அலகு. அவளுக்கு என்ன செய்தாலும் முந்நூற்று நாற்பதைத் தாண்டவில்லை.

முதல் மெயிலில் எந்தக் கடையில் தோல் எடுத்தேன் என்று கேட்டாள். புளிப்பு பார்க்கும் மீட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இரண்டாவது மெயிலில் மீட்டர் சரிதான் என்றாள். பாக்டீரியா பழசாகியிருக்கும், மறுபடி வளர்த்துப் பார் என்று எழுதினேன். மூன்றாவது மெயில் இரண்டே வரி. ‘சார், நடுப்புள்ளி ஆறும் எனக்கு ரொம்ப ஆடுகிறது. உங்களுக்கு மட்டும் எப்படி ஒரே மாதிரி வந்தது?’

அதற்கு நான் பதில் போடவில்லை.

3

நடுப்புள்ளி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் யோக்கியதை உங்களுக்குப் புரியாது.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித் தந்தது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பது. சூட்டை மாற்றிப் பார், நல்ல சூட்டைக் கண்டுபிடி, அதை அப்படியே வைத்துக்கொண்டு புளிப்பை மாற்று. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மீன் குழம்பு வைக்கிற யாருக்கும் தெரியும், புளியைக் கூட்டினால் உப்பின் அளவும் மாறிவிடும். ஒன்றுக்கு ஒன்று உறவு உண்டு. அந்த உறவையும் சேர்த்துப் பிடிக்கவேண்டுமென்றால் தோல், புளிப்பு, சூடு மூன்றையும் ஒரு அட்டவணைப்படி சேர்த்தே மாற்ற வேண்டும். புள்ளியியல்காரர்கள் அதற்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். ஒரு அறையை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு மூலைக்கு எட்டுச் சோதனை. நாலு சுவர், தரை, கூரை இவற்றுக்கு அப்பால் ஒவ்வொன்று, ஆக ஆறு. பிறகு அறையின் நட்டநடுவில் ஒரு இடம். அந்த நடுப்புள்ளியை மட்டும் ஆறு முறை செய்ய வேண்டும். மொத்தம் இருபது குடுவை.

ஒரே அளவு, ஒரே சூடு, ஒரே புளிப்பு, ஆறு முறை. எதற்கு? எதையும் மாற்றாமல் விட்டாலே விடை எவ்வளவு ஆடும் என்று தெரிந்துகொள்வதற்கு. அது தெரியாவிட்டால் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் இருக்கும் வித்தியாசம் நாம் செய்ததால் வந்ததா, தானாக வந்ததா என்று சொல்லவே முடியாது. இருபதில் மிக முக்கியமான ஆறு அவைதான்.

இங்கே செவ்வாய்க்கிழமைதோறும் இதைத்தான் செய்கிறேன். சிறுசிறு கலங்கள் வரிசையாக இருக்கின்றன, இயந்திரக் கை ஒன்று ஊற்றுகிறது, கலக்குகிறது, எடுக்கிறது. நடுப்புள்ளி ஆறையும் அது முணுமுணுக்காமல் செய்யும். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வரும். ஏன் என்று இப்போது சொல்லலாம்.

4

நாகர்கோவில் கூடத்தில் குடுவைகளை ஆட்டும் இயந்திரம் ஒன்றுதான். பன்னிரண்டு குடுவைதான் கொள்ளும். எனவே முதலில் பன்னிரண்டு, பிறகு எட்டு என்று திட்டம். முதல் தொகுதி முடியும்போது தோல் மூட்டை காலி. அடுத்த மூட்டையை மழைக்குப் பிறகு வேறொரு கடையிலிருந்து பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தேன். இரண்டாவது தொகுதியில் பாதி நாள் கரண்ட் இல்லை. கடைசியில் நடுப்புள்ளி ஆறில் இரண்டைத்தான் செய்திருந்தேன். பழைய மூட்டையில் நானூற்றுப் பன்னிரண்டு வந்தது. புது மூட்டையில் முந்நூற்று முப்பத்தெட்டு.

மீதி நாலுக்கு மறுபடியும் தோலை அரைக்க உட்கார்ந்தேன். எங்கள் கூடத்து உதவியாளர் தங்கப்பன் அண்ணன் வந்து நின்று பார்த்தார். நல்ல மனிதர், கஞ்சிக்குக் கூட என்னைக் கூப்பிடாமல் உட்கார மாட்டார்.

“இது நேத்து செய்ததுதானடே?”

“ஆமா அண்ணே. இன்னும் நாலு வாட்டி செய்யணும்.”

“எதையும் மாத்தாமலா?”

“மாத்தாமத்தான்.”

“ஒனக்கு கிறுக்காடே மக்கா? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். ஒண்ணையே ஆறு வாட்டி வேவிச்சுப் பாத்தா சோறு வேற ஆயிருமா? சாமான முடிக்காத. எழுதிட்டுப் போவியா.”

தங்கப்பன் அண்ணன்மேல் பழியைப் போடவில்லை. நான் வளர்ந்த வீட்டிலும் அதுதான் பேச்சு. செய்ததையே திரும்பச் செய்வது எங்கள் வீட்டில் ஒன்று கிறுக்கு, இல்லை என்றால் வீண். களத்தில் ஒரு பிடி நெல்லைக் கடித்துப் பார்த்து, காய்ந்ததா இல்லையா என்று முழுக் குவியலுக்கும் அப்பா தீர்ப்புச் சொல்வார். அவர் சொன்னால் சரியாகவே இருக்கும். எனக்கும் அந்தத் திமிர் இருந்தது. போதாததற்கு, இந்த ஊருக்கு வருவதற்கான விண்ணப்பத்துக்கு அந்த வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

உட்கார்ந்து எழுதினேன். முந்நூற்று முப்பத்தெட்டை அடித்து, பக்கத்தில் ‘கைப்பிசகு’ என்று போட்டேன். அதற்குப் பதில் ஒன்று, செய்யாத நாலுக்கு நாலு. எல்லாவற்றுக்கும் நானூற்றுப் பன்னிரண்டையே போட்டால் சந்தேகம் வருமே என்று ஒன்று இரண்டு கூட்டியும் குறைத்தும் போட்டேன். அந்த அளவுக்குப் புத்தி வேலை செய்திருக்கிறது. ஆறில் ஒன்றுதான் நிஜம். கணினியில் போட்டதும், எந்த அளவுக்கு எவ்வளவு நொதி சுரக்கும் என்று காட்டும் வளைபரப்பு பிழையே இல்லாமல் அழகாக வந்தது. பேராசிரியர் முதுகில் தட்டினார்.

இப்போது புரிகிறதா? என் பாக்டீரியா ஆடும். மூட்டை மாறினால், மழை பெய்தால், தோலில் மாவு குறைந்தால் ஆடும். அதைத்தான் அந்த முந்நூற்று முப்பத்தெட்டு என்னிடம் சொன்னது. நான் அதை அடித்துவிட்டேன். ஜெசிந்தா இரண்டு வருடமாக அதையே திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து, தன் கைதான் சரியில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறாள்.

5

முதலில் பேராசிரியருக்குப் போன் செய்தேன்.

“என்னடே கண்ணா, சொகமா இருக்கியா? நிரந்தரமாச்சா?”

நடந்ததைச் சொல்லி, கட்டுரை வெளிவந்த பத்திரிகைக்கு உண்மையை எழுதப்போகிறேன் என்றேன். அவர் நடுவில் குறுக்கிட்டு வேறு எதையோ பேசினார். எனக்குப் பதற்றம். இங்கே மேலாளர் முதல் வாசல் காவலாளி வரை பெயரைச் சொல்லியே கூப்பிட்டுப் பழகிய நாக்கு. “இல்லை நீலகண்டன், நான் சொல்வதைக் கேளுங்கள்” என்று சொல்லிவிட்டேன்.



“நீலகண்டனா? செரிடே. பேரு சொல்லி விளிக்க அளவுக்கு வளந்தாச்சு. கொள்ளாம்.”

அடுத்த பத்து நிமிடம் அதற்கு மன்னிப்புக் கேட்பதிலேயே போனது. பேசப் போனது ஒன்று, பேசியது இன்னொன்று. கடைசியில் அவரே இரங்கி வந்தார்.

“சவத்த விடுடே. எவன் செய்யல்ல? அந்தப் பிள்ளைக்குக் கை ஓடாது. அடுத்த மாசத்துக்குள்ள நம்பர் வரல்லேன்னா வேற எடம் பாத்துக்கோன்னு அவகிட்ட சொல்லியாச்சு. நீ எதுக்கு இதுல தலைய நீட்டுக?”

அடுத்த மாதம் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

என் மனைவி சுபா குலசேகரத்துக்காரி. சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“எழுதுனா இங்க வேலை போவுமா?”

“தெரியாது.”

“பெர்மனென்ட் கெடைக்காம போவுமா?”

“தெரியாது.”

“ஒண்ணும் தெரியாதாம், ஆனா எழுதப் போறாராம். நான் எழுதாண்டாம்னு சொல்லல்ல. அந்த பெர்மனென்ட் கடலாசு கைக்கு வந்த பொறவு எழுதுங்க. ரெண்டு மூணு மாசம்தானே?”

எனக்கு இரண்டு மூன்று மாதம். அந்தப் பெண்ணுக்கு ஒரு மாதம். இந்தக் கழித்தல் கணக்கைப் போட எந்த அட்டவணையும் வேண்டாம். ஆனாலும் நான் ஒரு வாரம் சுபாவின் பேச்சைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். அவள் சொன்னதால்தான் எழுதவில்லை என்று நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

எங்கள் மகள் மீராவுக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். வேகமாகப் பேசினால் எங்கள் தமிழ் அவளுக்குப் புரியாது என்ற தைரியத்தில்தான் பல விஷயங்களை அவள் முன்னாலேயே பேசுவோம். அன்று சாப்பாட்டு மேசையிலும் அப்படித்தான் பேசினோம். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள் நின்று, ஜெர்மனில் கேட்டாள்.

“அப்பா, நீ ஏமாற்றினாயா?”

இல்லை என்று சொல்ல எனக்கு இரண்டு மொழியிலும் வார்த்தை இருந்தது. வாய் வரவில்லை. ஆமாம் என்றேன். அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வாரம் அவளுக்குக் கணக்குப் பரீட்சை, எப்படி எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாயில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை, ஜெசிந்தா வீட்டார் பூசைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கும் நேரம் பார்த்து அவளை அழைத்தேன். அதுவரை அவள் குரலைக் கேட்டதில்லை. பின்னால் கடல் சத்தமும் யாரோ பாத்திரம் கழுவும் சத்தமும் கேட்டன.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். ஆறில் ஒன்றுதான் நிஜம், ஐந்து நான் எழுதியது. எனக்கும் முந்நூற்று முப்பத்தெட்டு வந்தது, அதை அடித்துவிட்டேன். உன் எண்கள்தான் சரி.

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அல்லது ‘பரவாயில்லை சார்’ என்பாள் என்று. நம் பிள்ளைகள் அப்படித்தானே. அவள் இரண்டும் செய்யவில்லை.

“இது ஒங்களுக்கு நான் மொத மெயில் போட்டப்பமே தெரியுமா சார்?”

“தெரியும்.”

“மீட்டரப் பாருன்னு எழுதுனியளே. அப்பமும் தெரியுமா?”

“தெரியும் மக்களே.”

“மக்களேன்னு விளிக்காண்டாம் சார்.”

சரி என்றேன்.

“நான் எழுபது வாட்டிக்கு மேல செய்தேன். கடைசியில கூடத்துல எல்லாரும் என்னெப் பாத்து சிரிக்க ஆரம்பிச்சாச்சு. வீட்டுல அதுக்கு மேல. எங்க அம்மை கருவாட்டு வியாபாரம் சார். சின்னதுல இருந்து நெத்திலிக்கு உப்புப் போடது நாந்தான். ஒரு வருஷமா அம்மை எனக்க கைய உப்புல விடல்ல. ‘ஒனக்குக் கைராசி இல்லட்டி, நீ தொட்டா சரக்கு கெட்டுப் போவும்’ங்கா. நானும் அப்படித்தான் போலன்னு இருந்தேன்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். பத்திரிகைக்கு நாளைக்கே எழுதுகிறேன், பேராசிரியருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நகல் போகும், கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றேன். ஒரே மூட்டையை வைத்துச் செய்யாதே, நாலு கடைத் தோலை எடுத்து மூட்டையையே ஒரு காரணியாக அட்டவணையில் சேர் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

“அத நான் போன மாசமே சேத்தாச்சு சார்.”

அதற்குப் பிறகு அவளுக்குச் சொல்லித் தர என்னிடம் ஒன்றும் இல்லை.

“மன்னிப்பு எனக்கு எதுக்கு சார்? பத்திரிகைக்கு இங்கிலீஷ்ல எழுதுவிய, அது எனக்க அம்மைக்கு வாசிக்கத் தெரியாது. அவளுக்கு ஒரு கடுதாசி எழுதுங்க. தமிழ்ல. நான் வாசிச்சுக் காட்டுகேன்.”

7

திங்கட்கிழமை பத்திரிகைக்கு எழுதினேன். ஆங்கிலத்தில் அது சுலபமாகவே வந்தது. ‘தரவுகளில் சில உண்மையான சோதனைகளிலிருந்து பெறப்பட்டவை அல்ல’ என்று எழுதும்போது, யாரோ செய்த தப்பை எழுதுவதுபோல இருந்தது. செயப்பாட்டு வினையில் ஆளே இல்லை. அன்றே மேலாளரிடமும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, எழுதிக் கொடுக்கச் சொன்னார், மேலிடத்தில் பேச வேண்டும் என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்றுவரை முடிவு வரவில்லை. அயல்நாட்டவர் அலுவலகத்திலிருந்தும் ஒன்றும் வரவில்லை. ஆ. கண்ணனும் கண்ணன் ஆறுமுகமும் ஒரே ஆள்தான் என்று அவர்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. சுபா பேசுகிறாள், தேவைக்கு.

தமிழில் எழுத வேண்டிய கடிதம்தான் படுத்தியெடுத்தது. பார்த்தறியாத ஒரு அம்மாவுக்கு என்ன எழுதுவது? பாக்டீரியா, வளைபரப்பு, நடுப்புள்ளி எல்லாவற்றையும் விளக்கி மூன்று பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தபோது நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்றுதான் அதில் தெரிந்தது. கிழித்துப் போட்டேன். கரண்ட் இல்லாததையும் கடைசி நாளையும் சொல்லி இன்னொன்று எழுதினேன், அதையும் கிழித்தேன். கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது.

‘அம்மா, உங்கள் மகள் செய்தது முழுக்கச் சரி. தப்புச் செய்தது நான். தெரிந்தே செய்தேன். அவள் கேட்டபோதும் மறைத்தேன். அவள் கையில் ஒரு குறையும் இல்லை. கண்ணன், பூதப்பாண்டி.’

படம் எடுத்து அனுப்பினேன். மூன்று நாள் பதில் இல்லை. நாலாவது நாள், வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தபோது ஜெசிந்தாவிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் போனைக் காதோடு வைத்துக் கேட்டேன்.

“சார், கடுதாசிய வாசிச்சேன். அம்மை ரெண்டாவது வாட்டியும் வாசிக்கச் சொன்னா. பொறவு உள்ள போயி உப்புச் சட்டிய எடுத்துட்டு வந்து எனக்க முன்னால வச்சா. இன்னைக்கு ரெண்டு கூடை நெத்திலிக்கு நாந்தான் உப்புப் போட்டேன். அதச் சொல்லணும்னுதான். ஒங்களப் பத்தி அம்மை ஒண்ணும் சொல்லல்ல சார்.”